அழகான வரியில் ஒரு தடயம்: குற்றப்புனைவில் குரல் மாறும் கலை

துப்பறியும் கதை படிக்கிறவர்களிடம் இரண்டு பழைய புகார்கள் உண்டு. ஒன்று, "அங்க ஒரு பொணம் கிடக்குது, இவர் நிலாவை வர்ணிச்சுட்டு இருக்காரு." இன்னொன்று, "அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஆள் மாறுது, இப்ப யாரு பேசுறாங்கன்னே புரியல."

இரண்டுமே நியாயமான புகார்கள்தான், அந்த வர்ணனையும் அந்தக் குரல் மாற்றமும் சும்மா அலங்காரமாக இருந்தால். ஆனால் நல்ல குற்றப்புனைவில் இவை அலங்காரம் இல்லை. கவித்துவமான வரி என்பது தடயத்தை ஒளித்து வைக்கும் இடம். கதைசொல்லி மாறுவது, யாருக்கு எவ்வளவு தெரியும் என்பதைப் பிரித்துக் காட்டும் வழி. இந்த இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. நம்ம இதழுக்குக் கதை எழுத நினைக்கும் நண்பர்களுக்கும் இது பயன்படும்.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: வில்கி காலின்ஸ் எழுதிய 'மூன்ஸ்டோன்' நாவலின் மர்மத்தை இங்கே உடைக்கப் போகிறேன். 1868-ல் வந்த நாவல், மன்னித்துவிடலாம். மற்ற நாவல்களின் முடிவைச் சொல்ல மாட்டேன்.

முதலில் ஒரு சின்ன விடுதித் திருட்டு

கோட்பாட்டுக்குப் போவதற்கு முன்னால் நாமே ஒரு மாதிரி செய்து பார்ப்போம். ஒரு கற்பனை விடுதி. மழை பெய்த ஒரு ராத்திரி இரண்டாம் மாடியில் ஒரு லேப்டாப் காணாமல் போகிறது. பின்சுவர் வழியாகத்தான் வெளியே போயிருக்கிறது. இரண்டு பேர் பேசுகிறார்கள்.

வாட்ச்மேன்: "ஒன்பது மணிக்கு மழை விட்டுச்சு சார். ஒன்பதேகாலுக்கு கரெண்ட் போச்சு. ஜெனரேட்டர் போடலாம்னு பின்பக்கம் போனா டீசல் இல்ல. கேன் எடுக்க முன்கேட்டுக்கு வந்துட்டு மறுபடி போறதுக்குப் பத்து நிமிஷம் ஆச்சு. அந்தப் பத்து நிமிஷம் அங்க யாரும் இல்ல. அப்புறம் விடிய விடிய ஜெனரேட்டர் ஓடுச்சு."

பக்கத்து அறை மாணவன்: "நான் அறையை விட்டு நகரவே இல்லை. முன்பக்கத்து அறை என்பதால் சாலை இரைச்சல் வரும். அதனால் ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்திருந்தேன். தூக்கம் வரவில்லை. மழை ஓய்ந்த பிறகும் வேப்பமரம் தன் பங்கை நிறுத்தவில்லை. ஜெனரேட்டர் ஷெட்டின் தகரத்தில் ஒவ்வொரு சொட்டாக எதையோ எண்ணிக்கொண்டே இருந்தது."

இப்போது அந்த வேப்பமர வரியை மறுபடி படியுங்கள். முதல் வாசிப்பில் 'பையனுக்குக் கவிதை வருதுப்பா' என்று தாண்டிப் போயிருப்போம். ஆனால் ஜெனரேட்டர் ஷெட் பின்பக்கம். முன்பக்க அறையில் ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்திருந்தவனுக்கு, பின்பக்கத் தகரத்தில் விழும் சொட்டு எப்படிக் கேட்டது? அவன் அங்கே நின்றிருக்கிறான். ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும் முன், அந்த அமைதியில் நின்றிருக்கிறான்.

இதில் மூன்று விஷயங்கள் கவனிக்கணும். முதலாவது, கவித்துவ வரியை வெட்டிவிட்டால் வழக்கே இல்லை. இரண்டாவது, அந்த வரி மட்டும் போதாது. ஷெட் எந்தப் பக்கம் என்ற தகவல் வாட்ச்மேனிடம் இருக்கிறது. அவர் சாதாரணமாகச் சொன்னதும் இவன் அழகாகச் சொன்னதும் மோதும்போதுதான் பொறி பறக்கிறது. மூன்றாவது, இதை ஒரே கதைசொல்லி சொல்லியிருந்தால் இரண்டையும் அவரே பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டியிருப்பார். இங்கே அந்த வேலை வாசகருக்கு வருகிறது.

நீதிமன்றத்திலிருந்து வந்த உத்தி

வில்கி காலின்ஸ் சட்டம் படித்தவர். வழக்கறிஞர் தொழில் செய்யவில்லை, எழுத்தாளர் ஆனார். ஆனால் நீதிமன்றத்தின் ஒரு பழக்கத்தை நாவலுக்குக் கொண்டுவந்தார். வழக்கில் ஒரே ஆள் முழுக்கதையையும் சொல்வதில்லை. ஒவ்வொரு சாட்சியும் தான் கண்டதை மட்டும் சொல்லிவிட்டு இறங்க வேண்டும். 1859-60-ல் தொடராக வந்த 'தி வுமன் இன் வைட்' நாவலில் இதைச் செய்து பார்த்தார். 1868-ல் 'மூன்ஸ்டோன்' நாவலில் இன்னும் கச்சிதமாகச் செய்தார். இரண்டும் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய 'ஆல் தி இயர் ரவுண்ட்' வார இதழில் வந்தவை.

கதை இது. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது ஜான் ஹெர்ன்காசில் என்ற ஆங்கிலேய அதிகாரி, காவலுக்கு இருந்தவர்களைக் கொன்றுவிட்டு ஒரு பெரிய மஞ்சள் வைரத்தை எடுத்துக்கொள்கிறான். அது நிலாக் கடவுளின் சிலையில் இருந்த வைரம். பல வருஷம் கழித்து அவன் உயில் வழியாக அது ரேச்சல் வெரிண்டர் என்ற பெண்ணுக்கு 18-வது பிறந்தநாள் பரிசாக வருகிறது. 1848 ஜூன் 21. அன்று ராத்திரியே காணாமல் போகிறது.

இரண்டு வருஷம் கழித்து, உறவினன் பிராங்க்ளின் பிளேக் சம்பந்தப்பட்ட எல்லோரையும் எழுத வைக்கிறான். முதலில் அந்த வீட்டின் வயதான காரியஸ்தர் பெட்டரெட்ஜ். 'ராபின்சன் குருசோ' புத்தகத்தை வேதம் மாதிரி கையில் வைத்துக்கொண்டு குறி பார்க்கிறவர். அடுத்து மிஸ் கிளாக், போகிற இடமெல்லாம் பக்திப் பிரசுரங்களை வைத்துவிட்டு வரும் ஏழை உறவுக்காரி. அப்புறம் குடும்ப வக்கீல், பிளேக், ஒரு மருத்துவரின் உதவியாளர், துப்பறிவாளர் கஃப் என்று வரிசை போகிறது. எல்லோருக்கும் ஒரே விதி: உனக்கு அப்போது என்ன தெரியுமோ அதை மட்டும் எழுது. பின்னால் தெரியவந்ததை முன்னால் கலக்காதே.

நம்ம பாஷையில் சொன்னால், ஒவ்வொரு சென்சாரும் தன் ரீடிங்கை மட்டும் கொடுக்கணும். பக்கத்து சென்சாரைப் பார்த்துத் திருத்தக்கூடாது. இந்த விதி இல்லாவிட்டால் பல கதைசொல்லிகள் இருந்தும் பயன் இல்லை. ஒரே ஆசிரியர் பல முகமூடி போட்டுப் பேசுவதாக ஆகிவிடும்.

நடுங்கும் மணல்

அந்த வீடு யார்க்‌ஷர் கடற்கரையில் இருக்கிறது. பக்கத்தில் ஒரு புதைமணல். கடல் மட்டம் மாறும் நேரத்தில் அதன் மேற்பரப்பு நடுங்கத் தொடங்கும். ரோசன்னா என்ற பணிப்பெண் அடிக்கடி அங்கே போய் உட்கார்கிறாள். ஒருகாலத்தில் திருடி, சிறைக்குப் போய், திருந்தி வேலைக்கு வந்தவள். மணலுக்குள் நிறைய மனிதர்கள் மூச்சுத் திணறி மேலே வரப் போராடுகிறது போல அவளுக்குத் தோன்றுகிறது. பெட்டரெட்ஜுக்கு இதெல்லாம் பிடிபடவில்லை. வேலை செய்யும் பெண்ணுக்கு வேண்டாத யோசனை என்று எடுத்துக்கொள்கிறார்.

நாமும் அப்படித்தான் படிக்கிறோம். கடற்கரை வர்ணனை, சோகமான பெண், சரி, வைரம் எப்போ காணாமல் போகும்?

ஆனால் கதையின் முக்கியமான பொருள் அந்த மணலுக்குள்தான் போகப்போகிறது. வைரம் இருந்த அறையின் கதவில் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அது காய்வதற்குள் யாரோ உரசிப் போயிருக்கிறார்கள். யாருடைய துணியில் கறை இருக்கிறதோ அவரே அந்த அறைக்குப் போனவர். ரோசன்னா அந்தக் கறை படிந்த இரவு அங்கியைக் கண்டுபிடிக்கிறாள். அது பிராங்க்ளின் பிளேக்கின் அங்கி. அவன் மேல் அவளுக்குச் சொல்ல முடியாத காதல். அங்கியை ஒரு தகரப் பெட்டியில் வைத்துச் சங்கிலியில் கட்டி மணலுக்குள் இறக்கிவிடுகிறாள். பிறகு தானும் அதே மணலில் போய்விடுகிறாள்.

திரும்பிப் பாருங்கள். 'உள்ளே யாரோ மூச்சுத் திணறுகிறார்கள்' என்ற அந்த உவமை வெறும் உவமையாக இருக்கவில்லை. அந்த இடத்தின் இயல்பை, அந்தப் பெண்ணின் மனநிலையை, வரப்போகிற மரணத்தை, ஒளித்து வைக்கப்போகும் பொருளை, நான்கையும் ஒரே காட்சியில் வைத்துவிட்டார் காலின்ஸ். அது நம் கண்ணில் படாமல் போனதற்குக் காரணம் அதைப் பெட்டரெட்ஜின் வாய் வழியாகச் சொன்னதுதான். அவர் அசட்டையாகச் சொல்கிறார், நாமும் அசட்டையாகக் கேட்கிறோம். கவித்துவத்தையும் கதைசொல்லியையும் இங்கே பிரிக்கவே முடியாது.

மருத்துவரின் உதவியாளர் எஸ்ரா ஜென்னிங்ஸ் வரும் பகுதியும் இதே வகைதான். காய்ச்சலில் பிதற்றும் மருத்துவரின் அரைகுறைச் சொற்களை அவர் இடைவெளி விட்டு எழுதி வைத்து, அந்த இடைவெளிகளைப் பொறுமையாக நிரப்புகிறார். முதலில் அர்த்தமில்லாமல் சிதறிக் கிடந்தது, நிரப்பியதும் வாக்குமூலமாகிறது: பிறந்தநாள் விருந்தன்று பிளேக்குக்குத் தெரியாமல் அபினிச் சாறு கொடுக்கப்பட்டிருக்கிறது. அந்த மயக்கத்தில் வைரத்தை எடுத்தது பிளேக்கே. அவனுக்கு அது நினைவில் இல்லை. வைரம் பிறகு வேறொருவன் கைக்குப் போகிறது. ஆக, சாட்சிகளையெல்லாம் கூட்டி எழுத வைத்தவனே முதலில் வைரத்தில் கை வைத்தவன். காலின்ஸ் தன் வலிக்கு அபினிச் சாறு எடுத்துக்கொண்டவர். அந்த மயக்கம் அவருக்குப் புத்தகத்தில் படித்த விஷயம் இல்லை.

யாருக்கு முறை வரவில்லை?

இப்போதுதான் முக்கியமான கேள்வி. அன்று ராத்திரி பிளேக் வைரத்தை எடுத்ததைக் கண்ணால் பார்த்தவள் ஒருத்தி இருக்கிறாள். ரேச்சல். அவனைக் காதலித்ததால் வாய் திறக்கவில்லை. நாவலில் இத்தனை பேர் எழுதுகிறார்கள், ரேச்சலுக்கு மட்டும் ஒரு பகுதிகூட இல்லை. உத்தி ரீதியாகக் காரணம் எளிது: அவள் எழுதினால் முதல் பக்கத்திலேயே கதை முடிந்துவிடும். பல குரல் கதையில் யார் பேசுகிறார்கள் என்பதைவிட யார் பேசவில்லை என்பதுதான் கதையைத் தாங்கும் தூண்.

ரோசன்னாவுக்கு முறை வருகிறது, ஆனால் கடிதமாக, அவள் செத்து ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து. உயிரோடு இருந்தபோது அவள் மேல் இருந்தது சந்தேகம் மட்டுமே. பழைய திருடி என்பதால் அவள் நடமாட்டம் ஒவ்வொன்றும் குற்றமாகத் தெரிந்தது. கடிதத்தைப் படிக்கும்போது அதே நடமாட்டம் வேறு அர்த்தம் கொள்கிறது. அதே நிகழ்ச்சிகள்தான், சொல்கிறவர் மாறியதும் நம் தீர்ப்பு மாறுகிறது. அந்த இடத்தில் வாசகருக்குக் கொஞ்சம் கூச்சம் வரும். பெட்டரெட்ஜோடு சேர்ந்து நாமும்தானே அவளைத் தாண்டிப் போனோம்.

மூன்றாவது ஒரு தரப்பு இருக்கிறது. வைரத்தைத் திரும்பக் கொண்டுபோக வந்த மூன்று இந்தியப் பிராமணர்கள். பொருள் அவர்களுடைய கோயிலுடையது. திருடப்பட்டது அவர்களிடமிருந்து. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நடந்ததை ஒரு ஆங்கிலேயரின் குடும்பக் காகிதம் சொல்கிறது. கடைசியில் சோமநாதத்தில் வைரம் மறுபடி சிலையில் சேர்வதை மர்த்வைட் என்ற ஆங்கிலேயப் பயணி கடிதத்தில் எழுதுகிறார். நிலா வெளிச்சம், பெரும் கூட்டம், அமைதி. கடல் கடந்து சாதி இழந்த அந்த மூன்று பேரும் இனி ஒருவரை ஒருவர் பார்க்கவே முடியாமல் மூன்று திசையில் பிரிந்து போகிறார்கள். நாவலின் மிக அழகான உரைநடைகளில் அது ஒன்று.

அந்தக் காலத்து ஆங்கில நாவல் என்று பார்த்தால் காலின்ஸ் அவர்களுக்கு நிறையவே மரியாதை கொடுத்திருக்கிறார். முதல் திருடன் ஆங்கிலேயன் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். ஆனாலும் அந்த மூவருக்கும் ஒரு பக்கம்கூடச் சொந்தமாக எழுதக் கொடுக்கவில்லை. அழகாக வர்ணித்தார், பேச விடவில்லை. இந்த இரண்டும் ஒன்றல்ல என்பதை இந்த நாவல் மாதிரி தெளிவாகக் காட்டும் இன்னொன்று எனக்குத் தெரியாது.

பாணியே கைரேகை

130 வருஷம் கழித்து ஓரான் பாமுக் இதே கருவிகளை வேறு மாதிரி பயன்படுத்தினார். 'என் பெயர் சிவப்பு', துருக்கியில் 1998-ல் வந்த நாவல். ஜி. குப்புசாமியின் மொழிபெயர்ப்பில் தமிழிலும் கிடைக்கிறது. 1591-ம் வருஷத்து இஸ்தான்புல். சுல்தானுக்காக ரகசியமாக ஒரு ஓவியச் சுவடி தயாராகிறது. அதில் வேலை செய்த ஒருவர் கொலையாகிறார். முதல் அத்தியாயத்தில் பேசுவது கிணற்றுக்குள் கிடக்கும் அவருடைய பிணம். 59 அத்தியாயங்களில் மனிதர்கள், ஒரு நாய், ஒரு மரம், ஒரு தங்க நாணயம், சிவப்பு நிறம் என்று குரல்கள் மாறிக்கொண்டே போகின்றன.

சந்தேகம் மூன்று ஓவியர்கள் மேல். அந்த மூவரும் தங்கள் பட்டறைப் பெயரில் பேசுகிறார்கள். கொலைகாரனும் 'கொலைகாரன்' என்ற பெயரில் தனியாகப் பேசுகிறான். அதாவது மூவரில் ஒருவன் இரண்டு குரலில் பேசுகிறான். பேச்சு நடையை வைத்து என்னைப் பிடிக்க முடிகிறதா பாருங்கள் என்று நம்மிடமே சவால் விடுகிறான்.

இந்தச் சவால் கதையின் கருவோடு ஒட்டியது. அந்த ஓவிய மரபில் நல்ல ஓவியனுக்குத் தனிப் பாணி கிடையாது. பழைய குருக்கள் வரைந்தபடியே வரைய வேண்டும். தனித்தன்மை தெரிந்தால் அது குறை. இறந்தவர் உடலில் கிடைத்த தாளில் ஒரு குதிரை வரையப்பட்டிருக்கிறது. அதன் மூக்குத் துவாரத்தில் ஒரு சின்ன வித்தியாசம். வரைந்தவனுக்கே தெரியாமல் கை செய்த வித்தியாசம். துப்பு அங்கிருந்து கிளம்புகிறது. பாணியே கைரேகையாகிவிடுகிறது.

அதனால் இந்த நாவலின் உரைநடை அடர்த்தியாக இருப்பதைக் குறையாகச் சொல்ல முடியாது. எந்தக் குரல் எந்த நிறத்தை அடிக்கடி சொல்கிறது, எந்த உவமையை நோக்கிப் போகிறது என்று கவனிப்பதே இங்கே துப்பறிதல். வேகமாகப் பக்கம் புரட்டினால் சாட்சியைப் புரட்டிவிட்டுப் போகிறோம்.

இரண்டு ட்ராக் வேறு, இரண்டு குரல் வேறு

"மாறி மாறி வர்றது நமக்குப் புதுசா என்ன?" என்று ராஜேஷ்குமார் வாசகர்கள் கேட்கலாம். அவர் நாவல்களில் ஒன்றுவிட்டு ஒரு அத்தியாயமாக இரண்டு கதைகள் ஓடும். கடைசியில் இரண்டும் எங்கே மோதும் என்பதுதான் சுவாரஸ்யம். ஆனால் அது இரண்டு ட்ராக். சொல்கிற குரல் ஒன்றே, களம்தான் மாறுகிறது. நாம் பேசுவது களம் ஒன்றாக இருக்கும்போதும் குரல் மாறுவது பற்றி.

அதற்கு நம்ம ஊரில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் 2004-ல் வந்த 'விருமாண்டி'. ஒரே ஊர்ச் சண்டையைச் சிறையில் கொத்தாளத் தேவர் ஒரு விதமாகச் சொல்கிறார், விருமாண்டி ஒரு விதமாகச் சொல்கிறார். முதல் ஆள் சொன்னதை நம்பி உட்கார்ந்திருக்கும்போது இரண்டாவது ஆள் அதே காட்சிக்குள் நம்மை வேறு கதவு வழியாகக் கூட்டிப் போகிறார். கேள்வி மரண தண்டனை பற்றியது என்பதால் இது விளையாட்டாக நின்றுவிடுவதில்லை. யார் சொன்ன கதையை நம்பினோம் என்பதில் ஒரு உயிர் தொங்குகிறது.

குரல் மாற்றத்தையே பொறியாக வைத்தவர் அகதா கிறிஸ்டி. 1936-ல் வந்த 'ஏபிசி மர்டர்ஸ்' நாவலில் பெரும்பகுதி ஹேஸ்டிங்ஸ் சொல்கிறார். நடுநடுவே அவர் நேரில் பார்க்காத, படர்க்கையில் எழுதிய அத்தியாயங்கள் வருகின்றன. அந்த அத்தியாயங்களைப் படிக்கும்போது நாமே ஒரு முடிவுக்குத் தாவுகிறோம். கிறிஸ்டி அங்கே ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அடுத்தடுத்து வைத்தார், அவ்வளவுதான். மிச்சத்தை நம்ம மூளை செய்துகொண்டது.

எழுதப்போகிறவர்களுக்கு

நீங்கள் ஒரு குற்றக்கதை எழுதி முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அனுப்புவதற்கு முன்னால் இந்த நான்கையும் சோதித்துப் பாருங்கள்.

1. உங்களுக்கு ரொம்பப் பிடித்த வர்ணனை வரியை எடுத்துவிட்டுப் படியுங்கள். கதையில் ஒன்றும் குறையவில்லை என்றால், வரி எவ்வளவு அழகாக இருந்தாலும் அது அங்கே இருக்க வேண்டியதில்லை. அல்லது அதற்கு ஒரு வேலை கொடுங்கள்.

2. அந்த உவமை யாருடையது? விவசாயி மகனுக்கு வரும் உவமையும் மருந்துக்கடைக்காரருக்கு வரும் உவமையும் ஒன்றாக இருக்க முடியாது. எல்லாக் கதைசொல்லியும் ஒரே மாதிரி நிலாவைப் பார்த்தால், பேசுவது அவர்கள் இல்லை, நீங்கள்.

3. அத்தியாயத் தலைப்பில் உள்ள பெயர்களை மறைத்துவிட்டு நண்பரிடம் கொடுங்கள். பத்து வரிக்குள் யார் பேசுவது என்று அவரால் சொல்ல முடியணும்.

4. யாருக்குப் பேச முறை கொடுக்கவில்லை என்று ஒரு பட்டியல் போடுங்கள். மர்மத்துக்காகத் தள்ளி வைத்தீர்களா, இல்லை அந்த ஆள் பேசலாம் என்றே உங்களுக்குத் தோன்றவில்லையா? முதலாவது உத்தி. இரண்டாவது நம்ம பார்வையில் இருக்கும் ஓட்டை.

நான்காவது கேள்வி கதைக்கு வெளியிலும் வேலை செய்யும். ஒரு திருட்டுச் செய்தி, ஒரு விசாரணை அறிக்கை, விடுதி வாட்ஸ்அப் குழுவில் ஓடும் ஒரு குற்றச்சாட்டு, எதைப் படித்தாலும் யார் வாயிலிருந்து இது வருகிறது, யார் இன்னும் பேசவில்லை என்று கேட்டுப் பாருங்கள். ரோசன்னாக்கள் கதைகளில் மட்டும் இருப்பதில்லை.

இப்போது ஒரு வீட்டுப்பாடம். மேலே சொன்ன விடுதித் திருட்டில் இன்னும் பேசாத ஒரு ஆள் இருக்கிறார்: லேப்டாப்பைப் பறிகொடுத்தவர். அவர் குரலில் ஒரு பக்கம் எழுதுங்கள். வேப்பமரத்தின் கீழ் நின்றவன் உண்மையில் திருடன் இல்லை என்று மாற வேண்டும். வாட்ச்மேன் சொன்னதிலும் அந்த மாணவன் சொன்னதிலும் ஒரு சொல்லைக்கூட மாற்றக்கூடாது. எழுதியதை ஆசிரியர் குழுவுக்கு அனுப்புங்கள், நல்லவற்றை அடுத்த இதழில் பார்ப்போம்.